பிந்தி வரும் படகு

திறந்த நாளன்று
நாற்பத்தோராயிரம் பேர் வந்தார்கள்.
ஜெனவியேவ் மேசைமேல் ஏறி நின்று
பிளாஸ்டிக் கோப்பைகளில் ஷாம்பேன் ஊற்றினாள்.
எனக்கும் ஒன்று.
நான் எண்களைப் பார்க்கிறவள்.
குடிக்கவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று
எங்களிடம் ஒரு பழமொழி உண்டு.
அதை பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன்.
மருந்து என்றதும் சிரித்தார்கள்.
நான்காம் நாள் காலை
பதினாறாயிரம்.

முதல் மாதம் இலவசம்.
பிறகு மாதம் பதினான்கு டொலர்,
ஒரு தட்டு பூட்டீனும் ஒரு கோப்பியும் வாங்குகிற காசு.
ஒன்பதாயிரம் பேர் கட்டினால் எங்களுக்குச் சம்பளம்.
அதே வாரம் பெரிய கம்பனி ஒன்று
எங்களுடையதைப் போலவே ஒரு விளையாட்டை
சும்மா தருகிறோம் என்று இறக்கியது.
போகப்போகிறவர்களைப்
போகுமுன் எண்ணுவது என் வேலை.

போனவர்களிடம் ஏன் என்று கேட்போம்.
ஒரு சிறு பெட்டி, இருநூறு எழுத்து.
"நேரமில்லை."
"நாகம் ரொம்பச் சுலபமாகச் செத்துப்போகிறது."
"பிள்ளை பிறந்துவிட்டது, மன்னிக்கவும்."
"படகு."
"படகு."
"அந்தப் படகை எந்தப் புண்ணியவான் செய்தது? பதினொரு நிமிடம்!"

உப்புத் தீவுக்குப் போகிற படகு அது.
ஒரு நிமிடத்தில் வரவேண்டியது.
மார்க்-ஆந்துவான் எழுதிய வரியில்
ஒன்றுக்குப் பக்கத்தில்
விரல் தவறி இன்னொரு ஒன்று.
திங்கட்கிழமை திருத்துவதாகப்
பட்டியலில் போட்டிருந்தார்கள்.

ஞாயிறு. அலுவலகத்தில் நான் தனியே.
ஹீட்டர் இருமுகிறது.
கீழே பார்க் அவெனியூவில்
பனிக்கு உப்புத் தூவிக்கொண்டு வண்டி போகிறது.
மாதம் முடியுமுன்பே சந்தா கட்டிய
ஆயிரத்துச் சொச்சம் பேரை ஒருபுறம் வைத்து
ஓடினவர்களோடு ஒப்பிட்டேன்:
வாள், குதிரை, கட்டிய வீடு, கொன்ற நாகம்.
ஒன்றும் ஒட்டவில்லை.
கடைசியில், வேறு எதுவும் மிஞ்சாததால்,
படகுத்துறையில் நின்ற நேரம்.

கோடு நிமிர்ந்தது.

என்னதான் செய்கிறார்கள் அங்கே என்று
நானே ஒரு தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.
ஒன்றுமில்லை.
நிற்கிறார்கள். கதைக்கிறார்கள்.
ரெஜைனாவில் இரவுவேலை முடித்து வந்த தாதி
சப்பாத்தை இன்னும் கழற்றவில்லை என்கிறாள்.
ஈரக்கரடி என்ற பெயரில் ஒருவர்
மூஸ் இறைச்சியை எப்படிச் சுற்றி உறைய வைப்பதென்று
நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்.
யாரோ ஒரு பொடியன் காரணமில்லாமல்
குதித்துக்கொண்டே இருக்கிறான்.
படகு வந்தது.
மணி அடித்தது.
ஒருவரும் ஏறவில்லை.
"அடுத்ததில போவம்" என்கிற மாதிரி ஏதோ
தாதி எழுதினாள்.
கரடி இறைச்சியைத் தொடர்ந்தார்.

திங்கள் கூட்டத்தில் கோட்டைக் காட்டினேன்.
ஜெனவியேவ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
நெடுநேரம் பார்த்தாள்.
"அப்படியென்றால் இருபத்திரண்டு நிமிடம் ஆக்குவோமா?
எல்லாத் துறையிலும்?"
பகிடியா என்று தெரியவில்லை.
மார்க்-ஆந்துவான் குறித்துக்கொண்டான்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்றாள்.
அதற்கு என்னிடம் எண் இல்லை.
தொடாமல் விடுங்கள், ஒரு கிழமைக்கு, என்றேன்.
தோளைக் குலுக்கினாள்.
அது ஓம் என்றா, இல்லை என்றா,
எட்டு வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

இன்று இருபத்தெட்டாம் நாள்.
80ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
மைனஸ் இருபத்து நாலு.
தரிப்பில் ஐந்து பேர், ஐந்து போன்.
பலகை நான்கு நிமிடம் என்றது.
பிறகு ஒன்பது.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
பக்கத்தில் நின்றவரின் தாடியில் பனி கட்டியிருந்தது.
"பிந்துது, என்ன" என்றேன்,
வாய் தவறி, தமிழில்.

அவர் ஒரு காதிலிருந்து எதையோ கழற்றினார்.
"பார்டோன்?"